பிளே ஸ்டோரில் எந்தப் படத்தைப் போடுவது?

செயலியை எழுதி முடித்து கூகுள் பிளேயில் ஏற்றப் போகும் கடைசி இரவில்தான் பலருக்கு ஸ்கிரீன்ஷாட் ஞாபகம் வரும். கைக்கு அகப்பட்ட இரண்டு திரையைப் பிடித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். கூகுள் கேட்கும் குறைந்தபட்சமும் இரண்டுதான்; ஃபோனுக்கென்று எட்டு வரை போடலாம். ஆனால் பதுளை பஸ் நிலையத்தில் நின்றபடி உங்கள் செயலியைப் பார்க்கிறவர் நீங்கள் எழுதிய விவரணையை வாசித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பெயர், ஐகன், முதல் இரண்டு மூன்று படங்கள். அதற்குள் வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்துவிடுவார்.

பேச்சுக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். கொழுந்து எடுக்கிற ஒருவர் தன் அன்றாட நிறையைக் குறித்து வைக்கவும், மாத முடிவில் அதைத் தோட்டத்தின் வேலைநாள் பதிவேடான செக்ரோல் கணக்கோடு ஒத்துப் பார்க்கவும் உதவுவது. எத்தனை முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), எத்தனை அரைப்பேர் (அரை நாள்), சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். பசறையில் இருக்கும் ஒரு பிள்ளை எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, மலையைக் காட்டுவதா, திரையைக் காட்டுவதா என்பது. ஊவாக்காரருக்கு இது பெரிய சோதனை. லிப்டன் சீட்டிலிருந்து எடுத்த பனிமூட்டம், ஒன்பது வளைவுப் பாலம், கூடையோடு சிரிக்கும் பெண் என்று அழகான படங்களுக்கா பஞ்சம்? கொழுந்து மலையில் ஃபோனும் கையுமாக ஒரு அக்காவை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லவும் நான்கு நண்பர்கள் இருப்பார்கள். வேண்டாம். அது சுற்றுலாப் பயணிக்கான படம். லயத்தில் இருப்பவருக்கு மலை எப்படி இருக்கும் என்று நீங்கள் காட்டத் தேவையில்லை. முதல் மூன்று படங்களில் செயலிக்கு உள்ளே நடப்பதைக் காட்டுங்கள் என்றும், ஃபோனைத் தட்டும் விரல்களைத் தவிருங்கள் என்றும் கூகுளே சொல்கிறது. ஆப்பிள் இன்னும் கறார்: தலைப்புப் படமோ, லாகின் பக்கமோ, திறக்கும்போது வரும் லோகோவோ மட்டும் போதாது, செயலி வேலை செய்வது தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. எல்லவுக்கு வருகிறவர்களுக்கான வழிகாட்டிச் செயலி என்றால் பாலத்தை வைக்கலாம்தான். அதுவும் திரைக்குள்ளே இருக்கட்டும், ரயில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்ற வரியோடு.

அடுத்தது, வெறும் திரையா, தலைப்பு வரி எழுதிய திரையா? வெறும் திரையில் பொய் இல்லை, செலவும் இல்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்கு அது போதும். எண்ணும் கட்டமுமாக இருக்கும் கணக்குச் செயலிக்குப் போதாது. எங்கே பார்ப்பது என்றே தெரியாது. ‘இன்றைக்கு எத்தனை கிலோ?’ என்று மேலே ஒரு வரி, கீழே நிறை பதியும் திரை, அதில் பெரிதாக 18 என்று ஒரு எண். இது முதல் படம். ‘சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்’ என்பதை இரண்டாவதாக வைப்பேன். மலைக்கு மேலே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். செக்ரோலோடு ஒத்துப் பார்ப்பது மூன்றாவது. ‘தொழிலாளர்களுக்கான நவீன தீர்வு’ போன்ற வரிகள் கொழும்பு மேடைக்குப் பொருந்தும், இங்கே ஒன்றும் சொல்லாது. ‘சிறந்த’, ‘முதலிடம்’, ‘இப்போதே டவுன்லோட் செய்யுங்கள்’ என்பவற்றைக் கூகுளும் விரும்புவதில்லை. எழுத்து படத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் தமிழை அடக்குவதுதான் பாடு. படம் 1080க்கு 1920 பிக்சலில் கணினித் திரையில் கம்பீரமாக இருக்கும். ஸ்டோரில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். கட்டமரான் போன்ற எழுத்துருவின் மெல்லிய வடிவம் வெயிலில் காணாமலே போகும். முக்தா மலர், பலூ தம்பி போன்றவற்றின் தடித்த வடிவத்தை எடுங்கள், நான்கு சொல்லுக்குள் நிறுத்துங்கள். பஜாரில் அச்சுக்கடையில் கொடுத்துச் செய்தால் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். படத்துக்கு அது பரவாயில்லை. விவரணைக்கு யுனிகோடு வேண்டும். ஃபோட்டோஷாப்பில் நீங்களே செய்தால், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

மொழி விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். அரசாங்கப் பலகை மாதிரி மூன்று மொழியையும் ஒரே படத்தில் அடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் மூன்றும் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வைக்கக் கூகுள் இடம் தருகிறது. ஆனால் ஃபோன் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலப் பக்கம்தான் தெரியும், தமிழ் பேசுகிறவர் ஃபோனை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பது அவர் இஷ்டம். எனவே செயலி தமிழில் மட்டும் இருந்தால், ஆங்கிலப் பக்கத்திலும் தமிழ் வரியுள்ள படங்களையே போடுங்கள். இன்னொன்று: கூகுளில் தமிழ்ப் பக்கம் இந்தியத் தமிழ் என்ற குறியீட்டில்தான் இருக்கிறது. திருச்சியில் பார்ப்பவருக்கும் அதே படம் போகும். இலங்கைக்கு மட்டும் தனிப் பக்கம் அமைக்க வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நிமிர்ந்த படமா, படுக்கைப் படமா என்பதில் விவாதமே இல்லை. விளையாட்டு தவிர மற்றதற்கெல்லாம் நிமிர்ந்தது. கூகுள் தன் பரிந்துரைகளில் செயலியைச் சேர்க்கக் குறைந்தது நான்கு படம், முன்பு சொன்ன 1080க்கு 1920 பிக்சல் அளவில் வேண்டும். வீடியோவை இப்போதைக்கு விடுங்கள். டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர் அதைத் தட்டமாட்டார்.

திரையில் என்ன தரவைக் காட்டுவது என்பதில் கவனம் தேவை. உங்கள் அம்மாவின் சம்பளச் சீட்டு பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்து அப்படியே பதிந்துவிடலாம் போலத் தோன்றும். பெயர், அடையாள அட்டை எண், சேமலாப நிதி இலக்கம் எல்லாம் உலகத்துக்கே தெரிந்துவிடும். உண்மையான ஆளின் விவரம் கூடாது, கற்பனைக் கணக்கைக் காட்டுங்கள் என்று ஆப்பிள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எண்கள் நம்பும்படி இருக்கட்டும். ஒரே நாளில் 90 கிலோ என்று போட்டால் கங்காணி சிரிப்பார்.

மண்சரிவு எச்சரிக்கைச் செயலி செய்கிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியதையும் மறந்தவர் இங்கே யாருமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. ஸ்டோரில் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்துச் சிவப்பு நிலையை உண்மையான ஊர்ப் பெயரோடு முதல் படமாக வைத்தால், மழை இரவொன்றில் யாராவது அதை வெட்டி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். அது விளம்பரப் படமா, வந்த எச்சரிக்கையா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட செயலிக்கு மஞ்சள் நிலையைக் காட்டுங்கள், ஊர்ப் பெயரை விடுங்கள், திரையின் நடுவிலேயே ‘மாதிரி’ என்று எழுதுங்கள். அழகு கெடும்; கெடட்டும்.

இரண்டு படத் தொகுதிக்கு நடுவே தடுமாறினால், இருப்பதோடு மூன்று மாற்றுகள் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி கூகுளிடம் உண்டு. பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வந்தால்தான் அதில் தெளிவான விடை கிடைக்கும். தோட்டத்துச் செயலிக்கு அந்தக் கூட்டம் வராது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலோ கோயிலிலோ பத்துப் பேரிடம் ஃபோனைக் கொடுத்து, ‘இது எதற்கு உதவும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காகப் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஆப்பிளில் படத்தை மாற்றப் பொதுவாகச் செயலியின் புதிய பதிப்பையும் அனுப்பியாக வேண்டும். கூகுள் பிளேயில் அந்தத் தொல்லை இல்லை, படத்தை மட்டும் மாற்றி ஒப்புதலுக்கு அனுப்பினால் போதும். கடைசி இரவில் அவசரமாகப் போட்ட அந்த இரண்டு படங்களை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.