ஆறு விரல் சாமியும் கல்தச்சர் வேலையும்

கோவளம் நிறுத்தத்தில் நிற்கும் இளைஞருக்கு இரண்டு பக்கமும் பஸ் உண்டு. மேற்கே கேளம்பாக்கம் போய்த் திரும்பினால் சிறுசேரி, கம்ப்யூட்டர் நிறுவனங்கள். தெற்கே அரை மணி நேரம் போனால் மாமல்லபுரம், கல் பட்டறைகள். கொஞ்ச காலம் முன்புவரை இந்த இரண்டு ஊருக்கும் தொழிலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்போது சிறுசேரிச் சரக்கு பட்டறை வாசலுக்கே வந்துவிட்டது, வாடிக்கையாளர் கையிலிருக்கும் போனில்.

"இதே மாதிரி மூணடியில வேணும்" என்று அவர் நீட்டும் படம் ஏஐ போட்டது. பார்க்க அமர்க்களமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் நடராசர் வலக்காலைத் தூக்கியிருப்பார், பெருமாளுக்குச் சங்கும் சக்கரமும் கை மாறியிருக்கும், அபய முத்திரையில் ஆறு விரல் இருக்கும். கால் மாறியதைப் பிழை என்று உடனே ஒதுக்கிவிடவும் கூடாது. மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கித்தான் ஆடுகிறார். வந்தவர் அதைத்தான் கேட்கிறாரா, அல்லது இயந்திரம் உளறியதைக் கேட்கிறாரா என்று விசாரிக்கத் தெரிந்தவர்தான் சிற்பி. கைவினையில் இனி காசு இந்த விசாரணைக்குத்தான் என்பது என் கட்சி.

முதலில் கசப்பை விழுங்கிவிடுவோம். ஒரே அச்சில் நூறு பிள்ளையார், சாவிக்கொத்து ஆமை, வாசல் பலகையில் பூ வேலை: இவற்றை மட்டும் கற்றுக்கொண்டு பிழைக்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். கணினி சொல்கிறபடி கல்லைக் குடையும் சிஎன்சி இயந்திரம் அந்த வேலையை ஏற்கெனவே தின்னத் தொடங்கிவிட்டது. முன்பு அதற்கு வடிவம் வரைந்து கொடுக்கவாவது ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலையையும் இப்போது ஏஐ பிடித்துக்கொள்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் இது முன்பே நடந்தது. கட்டத்தாளில் கையால் போட்ட சேலை டிசைன் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆனால் நெசவாளருக்கு ஒரு வேலி இருக்கிறது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. கல்லுக்கு அப்படி எதுவும் இல்லை.

சரி, மிச்சம் என்ன? நிறையவே இருக்கிறது.

ஏஐ படத்துக்கு முன்பக்கம் மட்டும்தான், கல்லுக்கு நாலு பக்கமும் உண்டு. படத்தில் மெலிந்த கை அந்தரத்தில் நீளும். கல்லில் அப்படி விட்டால் ஏற்றி இறக்கும்போதே ஒடிந்துவிடும், உடம்போடு எங்கே தாங்கல் விடுவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். பெருமாள், சிவன் மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரம் 124 பங்கு. தேவியருக்கு 120. இந்தக் கணக்குத் தெரியாதவர் கையில் படத்தைக் கொடுத்தால் பொம்மை வரும், சாமி வராது. முப்பரிமாண மாதிரி போட்டுத் தரும் ஏஐயும் வந்துவிட்டதுதான். இருந்தாலும் கல்லைத் தட்டி, ஓசையைக் கேட்டு, உள்ளே விரிசல் உண்டா என்று சொல்ல அதற்குக் காது கிடையாது.

ஆகவே உளியோடு தாளக் கணக்கையும் வரைதலையும் சேர்த்துப் படியுங்கள். மாமல்லபுரத்தில் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. கல், சுதை, உலோகம், மரம், கோயில் கட்டடக்கலை எல்லாம் அங்கே பாடம். கோவளத்திலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரம்தான், ஆனால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கே இப்படி ஒரு பட்டப்படிப்பு இருப்பது தெரியவில்லை என்பது என் ஆதங்கம். பட்டறையிலேயே நேராகச் சேர்ந்தாலும் கை பழகிவிடும். ஆனால் படத்தில் உள்ள தப்பு என்ன என்று வாடிக்கையாளருக்கு வாயால் விளக்கக் கணக்கு வேண்டும்.

அந்த விளக்கத்துக்குக் காசு கேளுங்கள். சிலைக்குத்தான் விலை, படம் சும்மா என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொண்டுவந்த படத்தைத் திருத்தி, அளவு போட்டு, நாலு பக்கமும் வரைந்து தருவது தனி வேலை. ரசீதில் அதைத் தனி வரியாகவே எழுதுங்கள். முதல் இரண்டு பேர் முறைப்பார்கள், மூன்றாமவர் கொடுப்பார்.

ஏஐயை நீங்களும் வேலை வாங்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கடிதம், சிலைக்கு ஒரு பத்தி விவரம், பெட்டியில் அடைக்கும் முறை எல்லாவற்றையும் தமிழில் பேசியே எழுதி வாங்கிவிடலாம். எடை, அளவு, விலை, நாள் ஆகிய நான்கை மட்டும் அதன் வாயில் விடாதீர்கள். தெரியாத எண்ணையும் அது துணிந்து எழுதிவிடும்.

ஏஐ போட்ட படத்தை உங்கள் வேலை என்று இணையத்தில் போடவே கூடாது. நாணயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் படம் உங்களுக்குச் சொந்தமா என்பதே சந்தேகம். மனிதர் கை படாமல் இயந்திரம் தானாகவே செய்த படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2023-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பதிலாகத் தினம் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். லாரியிலிருந்து கல் இறங்குவது முதல் கண் திறப்பதுவரை வரிசையாக இருந்தால், கைவேலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

காகிதச் சாட்சி ஒன்றும் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊருக்குத்தான். அதைத் தன் சிலையோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ள ஒவ்வொரு சிற்பியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான அந்தப் பதிவகம் இருப்பது நம் கிண்டியில், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரம். காஷ்மீர்க்காரர் அவ்வளவு தொலைவிலிருந்து இங்கே விண்ணப்பிக்கிறார், நமக்கு என்ன சோம்பல்?

பணத்துக்கு, கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கியது. 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், 5 சதவீத வட்டிச் சலுகை. ஒரு சிக்கல், வயது 35 ஆகியிருக்க வேண்டும். இருபது வயதில் தொழிலுக்கு வருபவர் வெளியே நிற்கிறார். அப்பா அல்லது மாமா பெயரில் பட்டறை இருந்தால் அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஏஐ பேச்சில் மறந்துபோகிற ஆபத்து ஒன்று உண்டு, கல்தூசு. கட்டிங் மெஷின் கிளப்பும் மெல்லிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றினால் போதாது. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், என்95 முகக்கவசம் போட வேண்டும். சேரப்போகும் பட்டறையில் முதல் நாள் சம்பளம் கேட்பதற்கு முன்னால் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கோவளத்துக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில், முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னால் வேலை செய்து காட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓரமாக நின்று, வந்தவர்கள் அவர்களிடம் என்ன கேட்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை.