ரங்கநாதனை எந்த எழுத்தில் தேடுவீங்க?

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அவர் எழுதிய புத்தகத்தை நூலகப் பட்டியலில் தேடணும்னா எந்த எழுத்துக்குப் போவீங்க?

'ர' என்பீர்கள். ஆனால் தமிழ் மரபுப்படி சொல்லுக்கு முதலில் ர வராது என்பதால் 'இரங்கநாதன்' என்று எழுதுபவர்கள் உண்டு. 'அரங்கநாதன்' என்பவர்களும் உண்டு. ஆக, ஒரே மனிதர் அ, இ, ர என மூன்று இடங்களில் இருக்கலாம். தலைப்பெழுத்தைப் பார்த்து 'எஸ்' என்று யாராவது பதிந்துவிட்டால் நாலாவது இடமும் சேர்ந்துகொள்ளும். புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். வாசகரோ இல்லைன்னு நினைச்சு வெறுங்கையோடு திரும்பிடுவார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை 1931-லேயே நூலக விதியாக எழுதியவர் பெயருக்கே இந்த நிலை!

இதற்கு நூலகங்களில் பழைய வழி ஒன்று இருக்கு. ஒரு வடிவத்தை மட்டும் முதன்மையாக வைப்பார்கள்: 'ரங்கநாதன், எஸ். ஆர்.' தலைப்பெழுத்து பின்னால் போய்விடும். மற்ற இடங்களில் 'அரங்கநாதன் – காண்க: ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று ஒரு குறிப்பு இருக்கும். உ. வே. சா.வைத் தேடுபவரும் 'சாமிநாதையர், உ. வே.' என்று 'சா'வில்தான் பார்க்கணும்.

கல்லூரி ஆய்வேட்டுக்குத் துணைநூற்பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் இதே முறைதான். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் ஒரே வரிசையில் கலக்காமல் தனித்தனியாகப் பிரித்துவிடுவது நல்லது.

இனி எழுத்து வரிசை. உயிர் 12, அடுத்து ஆய்தம், பிறகு மெய்யும் உயிர்மெய்யும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் 'க்' முதலில், 'க' அடுத்து. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் 'ன'வுக்குப் பிறகு. அதனால் அந்த முறையில் ஜெயகாந்தனை 'ச' பக்கத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

பலரும் தடுமாறுவது கடைசி எழுத்துகளில்தான்: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஐந்து சொற்களை இப்படி அடுக்கிப் பாருங்கள்: அக்கரை, அகம், அழகு, அறம், அன்பு. இதுதான் சரியான வரிசை. இதையே யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் அகம், அக்கரை, அன்பு, அறம், அழகு என்று வரும். காரணம், யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் இருக்கின்றன, புள்ளியோ கடைசியில். கணினி அடுக்கிய பட்டியலை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் அகர வரிசைப்படி சொற்களைச் சீர் செய்யும் பகுதி இருந்திருக்கிறது. படிக்கிறவங்க ழ, ள, ற, ன வரும் சொற்களாகத் தேடி எடுத்துப் பழகுங்க. மாவட்ட மைய நூலகத்துக்குப் போகும்போது புத்தகம் பட்டியலில் சிக்கலைன்னா, இன்னொரு எழுத்திலும் தேடுங்க. அப்புறமும் இல்லைன்னா நூலகரிடமே கேட்டுடலாம்.