சிவப்பு வளையலா, பச்சை வளையலா? – முதுமையில் நினைவும் நட்பும்

எங்கள் மூத்தம்மா மருதமுனையில் பிறந்து வளர்ந்தவர். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. பன்னிரண்டு வயதில் அவரும் அவருடைய கூட்டாளியும் நெசவுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக் காசு சேர்த்தார்கள். அந்தக் காசில் கல்முனைச் சந்தையில் ஆளுக்கு ஒரு சோடி கண்ணாடி வளையல் வாங்கினார்கள். இந்தக் கதையை இருவரும் சேர்ந்து சொல்லும் போதெல்லாம் ஒரு சண்டை வரும்.

"சிவப்பு வளையல்" என்பார் மூத்தம்மா.

"இல்ல புள்ள, பச்சை" என்பார் கூட்டாளி.

அறுபது வருடங்களாகத் தீராத வழக்கு அது. பார்த்துத் தீர்க்க ஒரு படமும் இல்லை. வீட்டிலிருந்த பழைய படங்களையெல்லாம் 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோய்விட்டது.

சென்ற வருடம் அந்தக் கூட்டாளி வபாத்தானார். சில நாட்களின் பின் மூத்தம்மா என்னிடம் வளையல் கதையைத் தொடங்கினார். எனக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. "இத நூறு தரம் சொல்லிட்டீங்க மூத்தம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "பச்சையாத்தான் இருக்கும் மகள். இனி நான் சொல்றது பிழையெண்டு சொல்ல ஆளில்ல" என்றார். அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

முதியவர்கள் ஏன் சொன்னதையே சொல்கிறார்கள் என்பதை அறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது. நான் படித்து அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பவற்றைச் சொல்லுமாறு கேட்டால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அதிகம் வருவதாக உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் உழைப்பு, முதல் கூட்டாளி, கல்யாணம், முதற் குழந்தை என்று பலவும் முதன்முதலாக நடப்பது அந்தக் காலத்தில்தான். 'நான் யார்' என்பது உருவாவதும் அப்போதுதான். ஆகவே பன்னிரண்டு வயது வளையல் நிற்பதும், நேற்றைய பகற்சாப்பாடு மறப்பதும் வியப்பல்ல.

பழையதைப் பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாகப் பலர் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ரொபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்து எழுதினார். வாழ்நாளின் இறுதிப் பகுதியில் மனிதர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து, அதற்குப் பொருள் காண முயல்வது இயல்பானது என்றார் அவர். அப்படிப் பார்த்தால், எங்கள் வீட்டுத் திண்ணையில் மூத்தம்மா செய்துகொண்டிருந்தது வெறும் பேச்சல்ல. தம் வாழ்வைக் கூட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்குக்குச் சாட்சி வேண்டும். குடும்பத்தார் அவரைத் தாயாக, மாமியாக, மூத்தம்மாவாக மட்டுமே அறிவார்கள். அவரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகக் கண்டவர் கூட்டாளி ஒருவர்தான். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஓர் ஆய்வு, 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதில் கூடிய நலத்தோடு இருந்தார்கள் என்கிறது. அதை முன்கூட்டி அறிய, கொலஸ்ட்ரோல் அளவைவிட அந்த நிறைவே நல்ல அடையாளமாக இருந்ததாம்.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அப்போது ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ உடையவராக இருந்தார். ஆகவே இது பலருடைய வீட்டுக் கதை. நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல.

"முந்தியே சொல்லிட்டீங்க" என்பதற்குப் பதிலாக ஒரு புதுக் கேள்வி கேட்கலாம். "வளையல் என்ன விலை? வீட்டில் ஏசினார்களா?" என்று கேட்டால், பழைய கதையில் புதுக் கதவு திறக்கும். கேட்டதை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வைக்கலாம். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதியவர்களின் நட்பு பல நேரம் மனக்கசப்பால் முறிவதில்லை. கூட்டிப்போக ஆளில்லாமல் முறிகிறது. மாதத்தில் ஒரு நாள் முச்சக்கரவண்டியில் அழைத்துச் சென்று கூட்டாளியோடு இருத்திவிட்டு வாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கதையைத் திரும்பச் சொல்வது வேறு; பழகிய ஒழுங்கையில் வழி தவறுவதும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழிப்பதும் வேறு. பின்னது தெரிந்தால் 'வயசுதானே' என்று விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பரீட்சை முடிந்ததும், மூத்தம்மாவை அந்தக் கூட்டாளியின் வீட்டுக்குக் கூட்டிச் சென்றேன். அவருடைய மகள் தேநீர் தந்தார். பேச்சு வளையலுக்கு வந்தது.

"எங்கட உம்மா எங்களுக்கிட்ட சிவப்பெண்டுதான் சொல்லுவா" என்றார் மகள்.

மூத்தம்மா திகைத்துப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பாத்தியா அவட வேலய! சும்மா சண்டைக்கெண்டே பச்சையெண்டிருக்கா!"

வீடு வந்து சேரும்வரை அவர் பேச்சு ஓயவில்லை. நூறு தரம் கேட்ட கதைதான். ஆனால் அன்று அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மூத்தம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: "பன்னிரண்டு வயசில உங்கட கூட்டாளி யாரு?"