குடலை இட்லியைச் சுற்றிக் கட்டிய கதைகள்

ஹோட்டலில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று கேட்டால், பெரும்பாலும் வழக்கமான வட்ட இட்லியில் நாலு முந்திரியைப் பதித்து, கொஞ்சம் மிளகு சீரகம் தாளித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். விலை மட்டும் கூடுதல். சாப்பிட்டவர் “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று கை கழுவப் போய்விடுகிறார். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் அமுது செய்யும் குடலை இட்லிக்கும் அந்தத் தட்டில் இருப்பதற்கும் பெயரைத் தவிர உறவு கம்மி. போதாக்குறைக்கு மாவு, இலை, நேரம், வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. பாதி சரி, பாதி கதை. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: சாதாரண இட்லி மாவில் மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டினால் அதுதான் காஞ்சிபுரம் இட்லி.

தாளிப்பு கடைசி வேலை. வித்தியாசம் அரிசி அளக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அன்றாட இட்லிக்கு நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுவான கணக்கு. காஞ்சிபுரம் இட்லிக்கு வீடுகளில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கோ ஒரு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு புழுங்கல், ஒரு பங்கு உளுந்து. ஐந்தில் ஒன்றாக இருந்த உளுந்து மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. அரைப்பதும் நைஸாக அல்ல, ரவைப் பதத்தில்.

இந்த இரண்டும் சேர்ந்துதான் இட்லியின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. உளுந்தை அரைக்கும்போது வரும் வழவழப்பு, அதிலுள்ள அரபினோகாலக்டன் என்ற பசைப்பொருளால் வருவது. உளுந்தின் புரதமும் இந்தப் பசையும் கைகோத்து, புளிக்கும்போது உண்டாகும் காற்றுக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரையும் அதே பசை விடாமல் வைத்திருக்கிறது. காஞ்சிபுரம் இட்லி உதிராமல், ஆறினாலும் வறண்டுபோகாமல் இருக்கிறதென்றால் நன்றி சொல்ல வேண்டியது உளுந்துக்கு. ரவைப் பதம் அதற்குக் கொரகொரப்பான கடியைத் தருகிறது. நைஸாக அரைத்த மாவை உயரமான பாத்திரத்தில் ஊற்றினால் கிடைப்பது களிதான்.

சுக்கு, மிளகு, சீரகம், நெய் எல்லாம் இதற்குப் பிறகு. மிளகாய் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: மிளகாய் இந்த நாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சரக்கு. பழைய கோயில்களின் மடைப்பள்ளிகள் அதைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. காரத்துக்கு அங்கே இன்றும் மிளகுதான்.

நம்பிக்கை: மந்தாரை இலையைச் சுற்றி மூடி வேகவைப்பதால்தான் ஈரம் உள்ளேயே தங்குகிறது.

எல்லாரும் நம்புவது இதைத்தான், விஞ்ஞானம் தெரிந்தவர்கள்கூட. கேட்கவும் நன்றாக இருக்கிறது. மூங்கில் குடலை, உள்ளே அடுக்கடுக்காக மந்தாரை இலை, அதற்குள் மாவு. இலை ஒரு கவசம் மாதிரி ஈரத்தைக் காக்கிறது என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் எதனிடமிருந்து காக்கிறது? ஒரு பொருள் காய்வதற்குச் சுற்றியிருக்கும் காற்று வறண்டிருக்க வேண்டும். மூடிய அண்டாவுக்குள் காற்றே இல்லை, முழுக்க நீராவி. அங்கே இட்லியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போக இடமே கிடையாது. மாறாக, ஆவி இட்லியின் மேல் படிந்து நீராக மாறுகிறது. ஒரு கிராம் ஆவி அப்படி நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை இறக்கிவைக்கிறது. இட்லி வேகிறது அந்த வெப்பத்தில்தான். ஆகவே ஈரத்தைப் பொறுத்தவரை மந்தாரை இலையும் எவர்சில்வர் டம்ளரும் ஒன்றுதான்.

இதே நம்பிக்கை கடல் கடந்த சமையலறைகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் நவம்பர் நாலாம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாளுக்கு முழு வான்கோழியை அவனில் சுடுவார்கள். இறைச்சி வறண்டுபோகும் என்ற பயத்தில், சூடு தாங்கும் நைலான் பை ஒன்றுக்குள் அதைப் போட்டுக் கட்டுவது ஒரு முறை. பை வெடிக்காமலிருக்க உள்ளே ஒரு கரண்டி கோதுமை மாவைத் தூவிக் குலுக்குவார்கள், மேலே சில கீறல்களும் போடுவார்கள். அவனுக்குள் இருப்பது 175 டிகிரியில் வறண்ட காற்று. பறவையிலிருந்து கிளம்பும் ஆவியைப் பை அடைத்து வைப்பதால் அந்த வறண்ட அவனுக்குள் ஒரு சின்ன இட்லிப் பானை உருவாகிறது. அதனால் மேல்தோல் காய்வதில்லை, பறவையும் சீக்கிரம் வேகிறது. பையால் ஆகும் காரியம் அவ்வளவே. நெஞ்சுக்கறிக்குள் சூடு எவ்வளவு ஏறியது என்பதுதான் உள்ளே சாறு நிற்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க அரசு சொல்லும் பாதுகாப்பான அளவு 74 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி நெடுநேரம் விட்டுவிட்டால், பைக்குள்ளேயே தன் சாற்றில் மிதந்துகொண்டு இருக்கும் கறியும் நாரும் சக்கையுமாகத்தான் வரும்.

வறண்ட அவனுக்குப் பை தேவைப்படுகிறது. நம் இட்லி முதலிலிருந்தே ஆவிக்குள் இருக்கிறது. அப்படியானால் இலை வெறும் அலங்காரமா? அதுவும் இல்லை. அதற்கு மூன்று வேலை. ஓட்டை ஓட்டையாக இருக்கும் மூங்கில் கூடையில் மாவு ஒழுகாமல் தடுப்பது முதல் வேலை. வெந்த இட்லி கூடையில் ஒட்டாமல் முழு உருளையாகக் கழன்று வருவதற்கு உதவுவது இரண்டாவது. மூன்றாவது வாசனை. மூங்கிலும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது: படிந்து நீரான ஆவி, டம்ளரின் அடியில் தேங்குவதுபோல் தேங்காமல் சிம்புகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடுகிறது. அதாவது குடலையின் சிறப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதில் இல்லை, வேண்டாத ஈரத்தை வெளியேற்றுவதில் இருக்கிறது. நம்பிக்கைக்கு நேர் எதிர்!

இலையின் மருத்துவக் குணமெல்லாம் இட்லிக்குள் இறங்குகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இலையிலிருந்து இறங்குவது வாசனை. அதுவே போதாதா?

நம்பிக்கை: மூன்று மணி நேரம் வேகவைப்பது சம்பிரதாயம். தீயைக் கூட்டினால் சீக்கிரமே வெந்துவிடும்.

கோயில் மடைப்பள்ளியில் குடலை இட்லி வேக ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும் என்பார்கள். இதில் சம்பிரதாயத்தைவிடக் கணக்கு அதிகம். தண்ணீர் கொதித்தபின் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையின் ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது. கூடுதல் விறகுக்குக் கூடுதல் புகை, தண்ணீர் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். மாவுக்குள் சூடு நகரும் வேகம் மாவின் குணத்தைப் பொறுத்தது. மாவு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி.

வேகும் நேரம் தடிமனோடு நேராக ஏறுவதில்லை, தடிமனின் வர்க்கத்தோடு ஏறுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. சாதாரண இட்லி பத்து நிமிடத்தில் வேகிறது என்று வையுங்கள். அதைப்போல் ஆறு மடங்கு தடிமன் என்றால் 36 மடங்கு, அதாவது ஆறு மணி நேரம். உருளை வடிவத்துக்குச் சுற்றிலுமிருந்து சூடு வருவதால் அதில் பாதிக்கும் குறைவாகவே போதும். மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதா? வர்க்கக் கணக்குப் போடாமலேயே பரிசாரகர்கள் அனுபவத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: அகலமான கிண்ணத்தில் ஊற்றிவிட்டு இருபது நிமிடத்தில் இறக்கினால் ஓரம் வெந்திருக்கும், நடு பச்சை மாவாக இருக்கும். குறுகலான டம்ளர்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி, நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வரும்வரை விடுங்கள். மேலே ஒரு துண்டு இலையோ தட்டோ போட்டு மூடினால் மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் இட்லியில் விழாது.

குக்கரில் வெயிட் போட்டால் சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போகும், சீக்கிரம் வெந்துவிடும் என்று யோசிக்கிறீர்களா? வேகும். ஆனால் அழுத்தம் இறங்கும் நொடியில் இட்லிக்குள் இருக்கும் நீர் குபீரென்று கொதித்து, ராத்திரி முழுக்க உளுந்து கட்டிய குமிழிக் கூட்டைக் கிழித்துவிடும். வெயிட் போடாத குக்கர்தான் இதற்கு ஏற்றது.

நம்பிக்கை: கையால் கலக்கினால்தான் மாவு புளிக்கும்.

கை படாமல் கரண்டியால் கலக்கிய மாவும் புளிக்கிறது. ஸ்டெயின்க்ராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட கட்டுரை, மாவைப் பொங்கவைப்பதில் முக்கியமான பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டியது. அது உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறது. கையின் சூடு குளிர்காலத்தில் கொஞ்சம் உதவலாம். கைராசிக்கு இதில் இடமில்லை.

நம்பிக்கை: பல்லவர் காலத்திலிருந்தே காஞ்சியில் இட்லி இருக்கிறது. உலகத்துக்கே இட்லியைக் கொடுத்தது இந்த ஊர்தான்.

காஞ்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பல்லவர் காலத்து இட்லிக்குச் சான்று கிடையாது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் பாணர்களுக்குக் கிடைக்கும் விருந்துகள் வரிசையாக வருகின்றன. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த பண்டம் அதில் உண்டு, மாவடு ஊறுகாயும் உண்டு. இட்லி இல்லை. இட்லிக்கு நெருங்கிய பெயரை முதலில் பதிவு செய்தது கன்னடம். 920ஐ ஒட்டிச் சிவகோட்யாச்சாரியர் எழுதிய வட்டாராதனெயில் ‘இட்டலிகெ’ வருகிறது. சுமார் 1025இல் இரண்டாம் சாவுண்டராயன் எழுதிய லோகோபகாரம், உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவும் வாசனைப் பொருள்களும் சேர்ப்பதைச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசத்தில் உளுந்து மாவு உருண்டைக்கு மிளகு, சீரகம், பெருங்காயம். எதிலும் அரிசி இல்லை.

இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சய்யா அப்படி ஒரு ஊகத்தை முன்வைத்தார்: அரிசி சேர்த்தல், நெடுநேரம் புளிக்கவைத்தல், ஆவியில் வேகவைத்தல் மூன்றும் அங்கிருந்து வந்த அரசர்களின் சமையல்காரர்கள் வழியாக வந்திருக்கலாம் என்று. இந்தியாவில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதியதை அதற்குத் துணையாகக் காட்டினார். காஞ்சியைப் பற்றியும் குறிப்பு விட்டுச்சென்ற அதே யுவான் சுவாங்தான். என் கட்சி வேறு. பானை வாயில் துணியைக் கட்டி வேகவைக்கத் தனிப் பாத்திரம் எதற்கு? பாத்திரம் இல்லை என்பதை வைத்துப் பண்டமும் இல்லை என்று சொல்ல முடியாது. ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்வோம். பேஸ்புக்கில் அது தீர்ப்பாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

ஆனால் இந்தப் பழைய குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் காஞ்சிக்கு ஒரு பெருமை மிஞ்சுகிறது. உளுந்து தூக்கலாக, மிளகும் சீரகமும் மாவிலேயே கலந்த இட்லி என்பது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பண்டங்களுக்கு நெருங்கிய சொந்தம். நாம் ‘அசல்’ என்று நினைக்கும் வெள்ளை வெளேர் இட்லிதான் அவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது.

நம்பிக்கை: சுக்கும் மிளகும் இருப்பதால் கோயில் இட்லி பல நாள் கெடாது.

ஊருக்குப் போகிறவர்கள் எந்தக் கோயில் பிரசாதத்தையும் பத்திரப்படுத்தி எடுத்துப்போவது இயல்புதான். ஆனால் இட்லியில் சேரும் அளவுக்கு மிளகும் சுக்கும் கிருமிகளை நிறுத்திவைக்காது. நெய்யும் நிறுத்தாது. மாவின் புளிப்பு ஓரளவு தடுக்கும் என்பது உண்மை, அதனால் அன்று முழுக்கத் தாங்குகிறது. அதற்கு மேல் ஈரமுள்ள எந்த அரிசிப் பண்டத்துக்கும் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி ஆவியிலும் சாகாதவை. வெந்த பண்டம் சூடு ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும், சில வகைகள் விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆகவே கோயிலில் வாங்கிய இட்லியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். அன்றைக்கே சாப்பிடுங்கள். மீந்தால் தாமதிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் வில்லைகளாக நறுக்கி இட்லித் தட்டில் ஆவி காட்டுங்கள். வில்லை மெல்லிசாக இருந்தால் ஐந்து நிமிடமே போதும்.