கணக்கும் கண்ணுறக்கமும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. அவற்றுள் எண்ணைக் கற்பிக்க முனைவோர், மாணவரின் முகத்திலுள்ள கண்களையும் நினைத்தல் வேண்டும். உறங்காக் கண்களுக்குக் கணக்கு விளங்குமா? நாளைய ஆசிரியர்தம் சிந்தனைக்கு இவ்வினாவை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துயில் குற்றமா?

மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் துயிலையும் பழித்துள்ளார் என்பர். உண்மையே. ஆயினும், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு சேர்த்தே அதனை எண்ணினார். சேர்க்கையை நோக்கின், அவர் கடிந்தது சோம்பலால் வரும் மிகைத் துயிலையே என்பது புலனாகும். உழைத்துக் களைத்த சிறுவனின் உறக்கம் அப்பழிக்கு உரியதன்று.

கண்ணின் உரிமை

திருக்குர்ஆனின் 78-ஆம் அத்தியாயம், உறக்கம் ஓய்வாக அமைந்ததை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துரைக்கிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் வாழ முற்பட்ட தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். இறைவணக்கத்திற்கே இவ்வெல்லை வகுக்கப்பட்டதெனில், தேர்வின் பெயரால் பிள்ளைகளின் இரவை நாம் பறிப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆய்வு கூறும் செய்தி

2004-ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர் உல்ரிக் வாக்னர், யான் போர்ன் முதலியோர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பங்கேற்றோருக்கு எண் வரிசைப் புதிர் ஒன்று தரப்பட்டது. அதனுள் ஒரு குறுக்குவழி மறைந்திருந்தது. இடையில் எட்டு மணி நேரம் உறங்கியவர்களுள் சுமார் 59 விழுக்காட்டினர் அவ்வழியைக் கண்டனர். விழித்திருந்தவர்களுள் கண்டவர் சுமார் 23 விழுக்காட்டினரே. பகலில் விழித்திருந்தோரும் இவ்வாறே பின்தங்கினர். எனவே, உறக்கம் களைப்பைப் போக்குவதோடு நில்லாமல், கற்றதை உள்ளத்தில் ஒழுங்குபடுத்தவும் செய்கிறது எனலாம்.

பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்களைத் தேடும் மாணவன், இரு நிபந்தனைகளையும் ஒருசேர மனத்தில் நிறுத்த வேண்டும். உறக்கம் இழந்தவனுக்கு ஒன்று நிற்க மற்றொன்று நழுவும். வாய்பாட்டை ஒப்புவிப்பான், வழி காணான். அவனை 'மக்கு' என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். கணக்கே தனக்கு வராதென அவனும் நம்பிவிடுகிறான். இவ்விழப்பு அன்றைய பாடத்தோடு முடிவதன்று. அவன் தேர்ந்தெடுக்கும் படிப்பையும் தொழிலையும் சுருக்கிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு

13 முதல் 18 வயதினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவையென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. ஐந்து பாட ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு மணி நேர வீட்டுப்பாடம் தருவதாகக் கொள்வோம். மாலை 7 மணிக்குத் தொடங்குபவன் இடைவிடாது எழுதினாலும் முடிக்க நள்ளிரவாகும். வைகறைத் தொழுகைக்கு 5 மணிக்கு எழுந்தால் உறங்கியது 5 மணி நேரம். குறைந்த அளவுக்கே 3 மணி நேரம் பற்றாக்குறை. ஆறு நாளில் அது 18 மணி நேரம். இரண்டு இரவுகளின் முழு உறக்கத்தினும் மிகுதி! ஒவ்வோர் ஆசிரியரும் தம் ஒரு மணி நேரத்தையே காண்கின்றனர். கூட்டுத்தொகையைக் காண்பவர் யார்?

செய்யத்தக்கன

ஒரே வகைக் கணக்கு நாற்பது தருவதினும், பல வகையில் பத்துத் தருதல் நன்று. அவற்றுள் சில முன்னைப் பாடங்களிலிருந்து அமையட்டும். ஏனைய ஆசிரியர்களோடு கலந்து வீட்டுப்பாடத்தைப் பங்கிடுக. வகுப்பில் கண்ணயரும் மாணவனைத் தண்டிக்குமுன், இரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என வினவுக.

மஹல்லாக்களில் மாலை வகுப்பு நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருத்தலை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. அவ்வொழுங்கை மனங்கொண்டு, இஷாவுக்கு முன்பே வகுப்புகளை முடித்து மாணவரை இல்லம் அனுப்புக. 5 மணிக்கு எழ வேண்டியவன் 9 மணிக்குப் படுத்தால்தான் 8 மணி நேரம் நிறையும். கணக்காசிரியர் முதலில் சரிபார்க்க வேண்டிய கணக்கு இதுவே.