நடுவழியில் வண்டி நின்றால்...

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஊருக்கோ க்ஷேத்திரங்களுக்கோ போவதென்றால் ஒரு காலத்தில் ரயில்தான். இப்போது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துக்கொண்டு ஷீரடிக்கும் பண்டரிபுரத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன; கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ரயில் நின்றால் கவலைப்படுவதற்கு ஓர் இலாகாவே இருக்கிறது. நம் வண்டி நடுக்காட்டில் நின்றால் நாம்தான் எல்லாம். ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைப் பாடம் போலச் சொல்லுகிறேன். வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் அவசியம் படிக்க வேண்டும்.

முதல் பாடம்: முதலில் காவல், பிறகுதான் காரணம்

ரயில் நடுவழியில் நின்று, வேறு வண்டி வந்து மோத இடமிருந்தால், முதல் வேலை வண்டியைக் காப்பதுதான். அகலப்பாதையில் 600 மீட்டர் தூரத்தில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஏன் நின்றது என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

சாலையிலும் இதே விதிதான். வண்டி உருளும்போதே இடது ஓரம் ஒதுக்குங்கள். நான்கு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போடுங்கள். எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பின்னால் நின்றால் விளக்கையும் மறைத்துவிடுவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டரில் வைத்தால் அந்த டிரைவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிதான். ஆகவே நெடுஞ்சாலையில் குறைந்தது 100 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கும் முன்பாகவே வையுங்கள். முக்கோணம் இல்லாவிட்டால் லாரிக்காரர்கள் செய்வதுபோல மரக்கிளை போடலாம், கல் அடுக்கலாம். ஆனால் கிளம்பும்போது அவற்றை எடுத்துவிட வேண்டும். நாம் விட்டுப்போகும் கல்லில் இரவு ஒரு ஸ்கூட்டர்க்காரர் விழுந்தால் அந்தப் பாவம் நம்முடையது.

இரண்டாம் பாடம்: எங்கே நிற்கிறோம்?

உதவி கேட்பவர் இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் மைல்கல்லுக்கு மஞ்சள் தலை. மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை. வழியில் கடந்த கடைசிக் கல்லின் எண்ணை யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டே வாருங்கள். உள்நாட்டுச் சாலைகளில் சில கற்களில் தேவநாகரி எண்கள்தான் இருக்கும். பத்து எண்களையும் வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். தேசிய நெடுஞ்சாலைகளின் உதவிக்கு 1033. எந்த ஆபத்துக்கும் 112. இந்த இரண்டையும் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

மூன்றாம் பாடம்: வண்டி என்ன சொல்லுகிறது?

சூடுமானி சிவப்புக்குப் போனால் ஏ.ஸி.யை நிறுத்தி, ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அதுவும் ஒரு பிரஷர் குக்கர்தான். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்குகிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கெட்டித் துணி போட்டு, மெல்லத் திறக்க வேண்டும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் அடுத்த ஊர் வரை என்று ஓட்டவே கூடாது. பாட்டரி விளக்கு எரிந்து, கூடவே சூடும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கும். பல வண்டிகளில் டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் வந்து விளக்கு மங்கினால் பாட்டரியில், அல்லது அதன் முனையில் கோளாறு. கேரவனாக இருந்தால் முதல் காரியமாக கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் பதினோரு பேர் நாசிக் போகும் வழியில், கசாரா மலைப்பாதையில் வேன் புகைந்து நின்றது. அதே மலையில் ரயிலுக்கு 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கசாராவிலேயே பின்னால் தள்ளும் இஞ்சின் சேர்த்துத்தான் இகத்புரிக்கு ஏற்றுவார்கள். வேனுக்கு அந்த உதவி ஏது? நான் கல் தேடிப் போனபோது, கூட வந்த ஓர் இளைஞர், "மாமா, முதல்ல வண்டியைப் பாருங்க, அப்புறம் கல்லு வைக்கலாம்" என்றார். டிரைவரோ துணியுடன் மூடியை நோக்கிப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். குழந்தைகளையும் பெரியவர்களையும் தடுப்புக்கு அப்பால் உட்கார வைத்து, வளைவுக்கு மேலே கிளையும் கல்லும் வைத்து முடித்தோம். சிறிது நேரத்தில் ஒரு டாங்கர் லாரி அதே வளைவில் இறங்கி வந்தது. கிளையைப் பார்த்ததும் டிரைவர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார். அந்த இளைஞர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. வண்டி ஆறியதும் பார்த்தால், ரப்பர் ஹோஸ் கிளிப்பு மாட்டும் நுனியில் கிழிந்திருந்தது. கிழிந்த ஓர் அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி இறுக்கி, பக்கத்து வீட்டில் வாங்கிய தண்ணீரை ஊற்றி இகத்புரி போய்ச் சேர்ந்தோம். பழுது சின்னதுதான். அதைச் சுற்றியிருந்த ஆபத்துதான் பெரியது.

நான்காம் பாடம்: இறக்கத்தில்

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். கருகிய வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ரயில் நிலையத்துக்குள் வரும்போதே அச்சுப்பெட்டி சூடாகியிருக்கிறதா என்று எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். நீங்களும் டீ குடிக்க நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

கிளம்புமுன்

ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, ஸ்பானர், முக்கோணம், டார்ச், கயிறு, ஃப்யூஸ், ஐந்து லிட்டர் தண்ணீர் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாடகை வண்டியானால் கேட்டு, கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். டிரைவர் முதல் நாள் இரவு தூங்கினாரா என்றும் விசாரியுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களின் மருந்தும் ஒரு வேளை ஆகாரமும் மூட்டைக்கு அடியில் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும். வழியில் மெக்கானிக் கிடைத்தால், கூலியை முதலில் பேசுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும், பெண்களும் கூடவே செய்யட்டும். இருட்டில், மழையில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு ஜாக்கியை எங்கே வைப்பது என்று தேடும் நிலை யாருக்கும் வேண்டாம்.