ஊருக்குப் பெயர் தந்த உலகநாயகி!

தேவிபட்டினம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம்தான். கிரக தோஷப் பரிகாரம், பித்ரு தர்ப்பணம் என்று வருகிறவர்கள், ஒன்பது கற்களையும் வலம்வந்து, நவதானியம் சமர்ப்பித்துவிட்டு, அப்படியே ராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்த ஊருக்கே பெயர் தந்தவள் யார் தெரியுமா?

ஸ்காந்த புராணத்தில் வரும் சேது மகாத்மியம் சொல்கிறது... அம்பிகையோடு போரிட்ட மகிஷாசுரன், தாக்குப்பிடிக்க முடியாமல் தென்கடலோரம் ஓடிவந்து, தர்ம புஷ்கரணிக்குள் ஒளிந்துகொண்டான். அசரீரி அவன் இருக்குமிடத்தைச் சொல்ல, தேவியின் ஆணைப்படி சிங்கம் அந்தத் தீர்த்தம் முழுவதையும் குடித்து வற்றச் செய்தது. வெளிப்பட்ட அசுரனை வதம் செய்தாள் தேவி. பிறகு, கடற்கரையில் அவள் உருவாக்கிய ஊரே தேவிபட்டினம். அந்தப் புஷ்கரணியே சக்கர தீர்த்தம்.

சேது அணை கட்டத் தொடங்குமுன் ராமபிரான் ஒன்பது கற்களைப் பிரதிஷ்டை செய்ததும் இங்கேதான். ஆகவே, நவபாஷாணத்தை வலம்வந்த கையோடு, ஊருக்குள் கோயில்கொண்டிருக்கும் உலகநாயகி அம்மனையும் தரிசியுங்கள். மகிஷனை வதைத்த தேவி அவளே!

இன்னொன்று... பரிகாரம் என்று உடுத்திய துணியைக் கடலில் விடாதீர்கள். பாவம் தொலைக்க வந்த இடத்தில் தீர்த்தத்தை மாசுபடுத்தலாமா? கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கற்கள் நீரில் மூழ்கியிருக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

எப்படிப் போவது? ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. வழக்கமான சேது யாத்திரை வரிசை: உப்பூர் வெயிலுகந்த விநாயகர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம்.